ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை 43 பிள்ளைகள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் பாதிப் பேர் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். சிலருக்கு அதுவும் வரவில்லை. பள்ளிப் பார்வைக்கு வந்த வட்டாரக் கல்வி அலுவலர், தமிழ்த் திறன் மேம்பாட்டுக்கு ஓராண்டுத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். தினமும் பத்துச் சொற்கள் சொல்வதை எழுதுதல், இரண்டு பக்கம் கையெழுத்துப் பயிற்சி, வாரம் ஒரு திருக்குறள், மாதம் ஒரு பேச்சுப்போட்டி, வாசிப்பு மூலை, காலாண்டுக்கு ஒரு பெற்றோர் கூட்டம், ஆண்டிறுதியில் 100 விழுக்காடு தேர்ச்சி என்று எழுதி வைத்திருக்கிறேன். உடன் பணிபுரியும் ஆசிரியரோ, "வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் டீச்சர் இவங்க, நாம என்ன செஞ்சாலும் இவ்வளவுதான்" என்கிறார். ஆங்கிலப் பாடவேளையைக் குறைத்துத் தமிழுக்குக் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

பதில்: அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய திட்டத்தில் ஆசிரியர்கள் என்னென்ன செய்யப்போகிறார்கள் என்பது முழுக்க இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் அது யாருடைய பள்ளிக்கும் பொருந்துகிற திட்டமாக இருக்கிறது. பக்கத்து ஒன்றியத்தில் ஒருவர் பள்ளிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தாலும் யாருக்கும் தெரியாது. "100 விழுக்காடு தேர்ச்சி" என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத மாநிலத்தில் அது இலக்கே இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுதான்.

திட்டம் எழுதுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனியாக வாசிப்பதைக் கேளுங்கள். வகுப்பில் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்வது இதற்கு உதவாது. நாற்பது கண் பார்க்க நிற்கிற பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். வராந்தாவில் ஒரு பாயோ பெஞ்சோ போட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

பாடநூலைக் கொடுக்காதீர்கள். கூட்டாகச் சொல்லிச் சொல்லிப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் போய்க்கொண்டிருக்கும். நான்கு அட்டைகள் தயார்செய்யுங்கள். ஒன்றில் வரிசை கலைத்துப் போட்ட பத்து எழுத்துகள். இரண்டாவதில் பத்துச் சிறு சொற்கள். மூன்றாவதில் முதல் வகுப்புத் தரத்தில் நாலு வரிப் பத்தி. நான்காவதில் இரண்டாம் வகுப்புத் தரத்தில் எட்டுப் பத்து வரிக் கதை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் அசர் என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பில் இந்த ஏணியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பத்தியிலிருந்து தொடங்குங்கள். சரளமாக வந்தால் கதைக்கு ஏறுங்கள், திணறினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறங்குங்கள். சரி, தவறு என்று குறிப்பதோடு நிற்காமல், தவறாக வாசித்ததை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "கொடி"யை "கெடி" என்றானா, "தூண்" என்பதை "துண்" என்றாளா, "பகல்" என்பதை "பக்கல்" என்றானா? இந்த மூன்றும் மூன்று வேறு குறைகள். மருந்தும் வேறு.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஏற்கெனவே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்திருக்கிறோமே, இது எதற்கு என்று கேட்பீர்கள். 2022 ஜூனில் அந்தத் திட்டம் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பிப்பது என்ற அதன் அடிப்படை சரியானது. ஆனால் செயலியில் "மொட்டு" என்று பதிவாகியிருப்பதும் பிள்ளை உண்மையில் இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருக்குமென்று நம்பிவிடாதீர்கள். பதிவை வைத்துக்கொள்ளுங்கள், காதால் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று. பாதிப் பிள்ளைகளை உங்கள் சக ஆசிரியர் கேட்கட்டும். "இவ்வளவுதான்" என்று சொல்கிறவரோடு வாதாடுவதைவிட, ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதை அவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்படி செய்வது மேல். "இவனுக்கு ஒன்றும் வராது" என்று நினைத்திருந்த பையனுக்குக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் எழுத்துகள் மட்டுமே வராமல் இருக்கலாம். அது இரண்டு வார வேலை.

வாரக் கடைசியில் உங்கள் கையில் இருக்கும் தாளில் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று கூட்டமாகப் பிரிந்திருப்பார்கள்.

முதல் கூட்டம், உயிர்மெய் இன்னும் பிடிபடாதவர்கள். 247 எழுத்து என்றதும் நமக்கே மலைப்பாக இருக்கிறது. பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உண்மையில் 247 வடிவங்களைத் தனித்தனியாகப் படிக்கவேண்டியதில்லை. பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், அந்த உயிருக்கான குறிகள், அவ்வளவுதான். சிக்கல் இரண்டு இடத்தில். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது: "கெ", "கே", "கை". "கொ", "கோ"வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. அடுத்தது உகர ஊகார வரிசை. "கு", "சு", "து", "மு" என்று ஆளுக்கொரு விதமாக வளைகிறது. இங்கே பொது விதி உதவாது, இனம் இனமாகப் பழக்கத்தான் வேண்டும். உங்கள் பிள்ளைகள் தடுக்கும் எழுத்துகளைப் பட்டியல் போட்டால் பெரும்பகுதி இந்த இரண்டு இடத்தில்தான் வந்து விழும் என்று நினைக்கிறேன்.

"க, கா, கி, கீ" என்று வரிசையாகக் கோரஸ் பாடவைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். அப்படிப் படித்த பிள்ளையிடம் "கே" எழுத்தைத் தனியாகக் காட்டினால், உதட்டுக்குள்ளேயே "க"வில் தொடங்கிப் பாட்டை ஓட்டி அந்த இடம் வந்ததும் நிறுத்துகிறது. அதற்குப் பெயர் வாசிப்பல்ல, எண்ணிக்கை. அதைவிட, சில மெய்களையும் ஒன்றிரண்டு குறிகளையும் எடுத்துக்கொண்டு உடனே சொல்லுக்குப் போங்கள். ப, ட, ம, க, ல என்ற ஐந்தும் புள்ளியும் துணைக்காலும் போதும்: கல், பல், கால், பால், படம், பாடம், கடல், பட்டம், பாலம், கட்டம். இகரக் குறியைச் சேர்த்தால் படி, மடி, மாடி, கட்டில். பத்து நாளில் பிள்ளை சொல் வாசிக்கிறது. வாசிக்கிறோம் என்று அதற்கே தெரிவதுதான் அடுத்த எழுத்தைக் கற்க வைக்கிறது.

"பகல்" என்பதைப் "பக்கல்" என்று வாசிக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அவனுக்கு எழுத்து தெரிகிறது. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே "க" மூன்று விதமாக ஒலிக்கிறது என்பதை யாரும் அவன் காதுக்குச் சொல்லவில்லை. மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டி அவனையும் சொல்லவையுங்கள். இதற்கு நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

இரண்டாவது கூட்டம், எல்லா எழுத்தும் தெரிந்தும் இழுத்து இழுத்து வாசிப்பவர்கள். தமிழில் ஒரு சொல்லே ஒரு வாக்கியம் அளவுக்கு நீளும். "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்பதை எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கடைசிக்கு வருவதற்குள் முதலில் என்ன இருந்தது என்பது மறந்துவிடும். இவர்களுக்குப் புதுப்புதுப் பாடம் வேண்டாம். ஒரே சின்னக் கதையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது வேண்டும். முதல் நாள் நீங்கள் வாசிக்க அவர்கள் விரல் வைத்துத் தொடரட்டும். பிறகு சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, கடைசியில் தனியாக. நீண்ட சொற்களைப் பலகையில் உடைத்துக் காட்டுங்கள்: விளையாடி, கொண்டு, இருந்தார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. அதைக் கேட்டுக் கையில் கடிகாரத்தோடு நிற்கவேண்டாம். "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" ஒரு சொல், "பூ"வும் ஒரு சொல். சென்ற மாதம் அதே பிள்ளை எப்படி வாசித்தது, இப்போது எப்படி வாசிக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது கூட்டத்தைத்தான் நாம் தவறவிடுகிறோம். கடகடவென்று வாசிப்பார்கள். கேள்விக்குப் பதிலும் எழுதுவார்கள். ஆனால் எதுவும் புரிந்திருக்காது. எப்படி என்கிறீர்களா? "குபில் சடத்தில் மிலைத்தது" என்று எழுதி, "குபில் எங்கே மிலைத்தது?" என்று கேளுங்கள். "குபில் சடத்தில் மிலைத்தது" என்று முழு மதிப்பெண் வாங்கும் விடையை யாரும் எழுதிவிடலாம். குபில் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பாடத்தின் கீழே வரும் கேள்விகளில் எத்தனை இந்த வகை என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பதிலாக, "அந்தப் பாட்டி ஏன் கதவைத் திறக்கவில்லை?", "நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்பதுபோல, பாடத்தில் நேராக விடை இல்லாத கேள்வி தினமும் ஒன்று கேளுங்கள். பதிலை வாயால் சொல்லட்டும், அவர்கள் பேச்சிலேயே சொல்லட்டும்.

பேச்சிலேயே என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். "தமிழ் தாய்மொழிதானே, தானா வரும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளை வீட்டில் கேட்பது "அவங்க வந்துட்டாங்க". புத்தகத்தில் பார்ப்பது "அவர்கள் வந்துவிட்டனர்". நமக்கு இரண்டும் ஒன்று, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதி புது மொழி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கு இன்னும் தூரம். இந்தத் தூரத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, ஆசிரியர் தினமும் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டுவது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேச்சுத் தமிழில் பேசுங்கள். ஒன்றாம் வகுப்புக்கும் இது வேண்டும், ஐந்தாம் வகுப்புக்கும் வேண்டும். உங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வதானால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு நேரம் எங்கே? தினமும் ஒரு மணி நேரம், அதே மணி நேரம், மாறக்கூடாது. காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகள் நேரத்தோடு வந்துவிடுகிறார்கள் என்றால் முதல் மணி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளைக் கலைத்து, தாளில் உள்ளபடி உட்காரவையுங்கள். எழுத்து நிலையில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனை ஒன்றாம் வகுப்போடு கொண்டுபோய் உட்காரவைத்துவிடாதீர்கள். மறுநாளே வயிற்றுவலி வந்துவிடும். அந்தக் குழுவுக்கு ஒரு நல்ல பெயர் வையுங்கள். அலுவலகத் தாளில் "மெல்லக் கற்போர்" என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் தாளோடு இருக்கட்டும், பிள்ளை காதில் விழக்கூடாது.

அந்த மணி நேரத்தை உங்கள் பெயரில் போடாதீர்கள். தலைமையாசிரியருக்குக் குறுவள மையக் கூட்டம், எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, யாராவது திடீரென்று கேட்கும் புள்ளிவிவரம் என்று வாரத்தில் இரண்டு நாள் போய்விடும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளை நீங்கள் வைத்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து வரை சக ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு குழு இருபது நிமிடம் அவரிடம் உட்காரும்போது மற்றவர்கள் இருவர் இருவராக வாசிக்கலாம், எழுதலாம், பிறகு மாறிக்கொள்ளலாம். அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் இருந்த தன்னார்வலர் யாராவது ஊரில் இருந்தால், மாலையில் அதே கதையை ஒருமுறை வாசிக்கவைக்கச் சொல்லுங்கள். புதிதாக எதையும் நடத்தவேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மீதி நேரம் உங்கள் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பக்கம் கையெழுத்து என்றால் மெதுவாக எழுதும் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம். பார்த்து எழுதுவதில் கண்ணிலிருந்து கைக்குப் போகிறது. மனசு வழியாகப் போவதில்லை. எழுத்தே தெரியாத பிள்ளைகூட முத்துமுத்தாக ஒரு பக்கம் வரைந்து வைத்துவிடும், பார்வைக்கு வருகிறவரும் நோட்டைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போவார். கையெழுத்துக்கு ஐந்து வரி போதும். சொல்வதை எழுதுதலும் இருக்கட்டும், அன்று வாசித்த கதையிலிருந்து ஐந்து சொல். தவறினால் பத்து முறை எழுதும் தண்டனை வேண்டாம்.

எழுத்துப் பயிற்சிக்குப் பிள்ளையின் சொந்த வாக்கியத்தை எடுங்கள். "நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று சொல்கிறாள். அதை அப்படியே எழுதட்டும். பிறகு இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்று சேர்ந்து மாற்றுங்கள்: "நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது." திருத்தும்போது பக்கம் முழுக்கச் சிவப்பாக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ந, ன, ண குழப்பத்துக்கு நம் பழைய வாத்தியார்கள் வைத்த பெயர்களே விதியாக இருக்கின்றன: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். வண்டி, பந்து, கன்று. நாலாம் வகுப்புப் பிள்ளை இதை ஒரு விளையாட்டுபோலப் பிடித்துக்கொள்ளும். ல, ள, ழ அவ்வளவு எளிதல்ல. அங்கே சொல் சொல்லாகத்தான் போகவேண்டும்.

வாசிப்பு மூலை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக மூலை அமைக்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற வரிசைப் புத்தகங்கள் உள்ளே இருக்கின்றனவா? அவை நிலை பிரித்து அச்சிட்ட சிறு கதைகள். மேலே சொன்ன இரண்டாவது கூட்டத்துக்கு அளந்து தைத்ததுபோல இருக்கும். நான்கு, ஐந்துக்கு வரும் ஊஞ்சல் இதழையும் எடுத்து வெளியே போடுங்கள். கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் புரிகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "பிள்ளைகள் பயன்படுத்திக் கிழிந்த புத்தகங்கள்" என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பற்றி உங்கள் சக ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் பாட்டியிடம் "பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள்" என்றால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். "இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன கதை என்று கேளுங்கள், அவள் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்" என்று சொன்னால் அது அவரால் முடியும். வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான், சின்ன உதவியும் அல்ல. காலாண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டுவதைவிட, பிள்ளையை விடவரும்போது வாசலில் இரண்டு நிமிடம் பேசுவது பலன் தரும்.

ஆங்கிலப் பாடவேளையைத் தொடாதீர்கள். குறைத்தால் பெற்றோர் கோபப்படுவார்கள், தமிழும் அதனால் வளராது.

கேட்கும் வாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகும் பிள்ளை, நீங்கள் சொல்வதை உங்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பிள்ளை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அவர்கள் பெயரை முதலில் கொடுங்கள். மூன்று மாதம் முறையாக நடத்தியும் எழுத்து நிலையிலேயே ஒரு பிள்ளை நின்றால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

இனி அலுவலருக்குத் தரவேண்டிய தாள். ஒரே பக்கம் போதும். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர். அடுத்து நான்கு கட்டம்: ஜூலை, செப்டம்பர், டிசம்பர், மார்ச். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து, சொல், பத்தி, கதை, புரிதல் என்பதில் பிள்ளை நிற்கும் படி. ஒவ்வொரு முறையும் புது அட்டைகள், அதே தரம். கடைசி நெடுவரிசையில் இப்போது என்ன தடை என்று ஒரு சொல்: "கொம்பு", "உகரம்", "வேகம்", "புரிதல்". கீழே தினசரி ஒரு மணி நேரம், பத்து நிமிடக் கதை, புத்தகங்கள் வெளியே என்ற மூன்று வரி. இலக்கு கேட்டால், எழுத்து நிலையில் இருப்பவர்கள் டிசம்பருக்குள் பத்தி வாசிப்பார்கள் என்று எழுதுங்கள். அதற்கு நீங்கள் பொறுப்பேற்கலாம். புரிதலுக்கு நாள் குறிக்காதீர்கள், அது மெல்லத்தான் நகரும். பேச்சுப்போட்டியை விரும்பினால் ஆண்டுவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கும் போட்டியாக இல்லாமல், பிள்ளை தான் வாசித்த கதையைத் தன் வாயால் சொல்லும் போட்டியாக இருக்கட்டும்.